பழைய ஜீப்பைப் பிரித்துக் கோர்த்து ஒரு சீசன் முழுக்க ஓட்டுவது எப்படி

ஆஃப்ரோடு ரேஸுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வண்டி வாங்கிய மறுவாரமே கேம் ஷாஃப்ட், பெரிய கார்புரேட்டர், டர்போ என்று பேச்சு போகும். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். ஐந்தாறு சுற்றுகள், அதாவது தனித்தனிப் போட்டிகள், உள்ள ஒரு சீசனில் புள்ளிப் பட்டியலின் மேலே நிற்கும் வண்டிகளில் பாதி, மற்றவர்களைவிடக் குதிரைத்திறன் குறைந்தவையாகத்தான் இருக்கும். அவை எல்லாச் சுற்றையும் முடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப் போகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு, தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், நாள் முழுக்கத் தூசி தின்ற ஒருவர், பாதி மூளையோடு, அரை மணி நேரத்தில் கழற்றி மாட்டக்கூடியதாக உங்கள் வண்டியின் ஒவ்வொரு பாகமும் இருக்க வேண்டும். எதைச் செய்யும்போதும் இந்த ஆளை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்.

முதலில் விதிப் புத்தகம்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் நீங்கள் ஓட்டப் போகும் தொடரின் விதிகளை அச்செடுத்துப் படியுங்கள். ஆஃப்ரோடு என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல போட்டிகள் இருக்கின்றன. 1967-இல் மெக்சிகோவில் தொடங்கிய பாஹா 1000 மாதிரி ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் பாலைவன ஓட்டம் ஒரு வகை. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து முதன்முதலில் கிளம்பி, 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கும் டக்கார் மாதிரி, ரோடு புக் (திருப்பமும் தூரமும் குறித்த வழிக் குறிப்பேடு) பார்த்து வழி கண்டுபிடித்து, நாளுக்கு ஒரு கட்டமாகப் பல நாள் போகும் ராலி இன்னொரு வகை. 2007-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த கிங் ஆஃப் த ஹேமர்ஸில் பாலைவன வேகமும் வேண்டும், பாறை மேல் ஏறவும் வேண்டும். இவை தவிர சேறு, பள்ளம், மேடு என்று மெதுவாகத் தாண்டும் டிரையல் போட்டிகள். டிரையலுக்குக் கட்டிய வண்டி பாலைவனத்தில் ஷாக் அப்சார்பர் கொதித்து நிற்கும், பாலைவன வண்டி பாறைக்கு நடுவே தொப்பை தட்டி உட்கார்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரு வண்டி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு, கம்பெனி தயாரித்த வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டும் பிரிவு. சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏயின் கிராஸ் கன்ட்ரி விதிகளில் இதை டி2 என்பார்கள், புரோட்டோடைப் வண்டிகளுக்கு டி1. மற்ற தொடர்களும் ஏதாவது ஒரு பெயரில் இப்படிப் பிரித்து வைத்திருக்கும். எதை மாற்றலாம் என்று விதி சொல்லவில்லையோ அதை மாற்றக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பிராக்கெட்டுக்காக, போட்டிக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் திருப்பி அனுப்பப்படுவதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வண்டி வாங்க வேண்டாம். இன்ஜினை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைப் பாருங்கள். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, இரண்டு பக்கச் சேஸிஸ் பாரையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று திருப்பிச் சொல்லும், உள்ளே துரு தின்ற இடம் ‘டொக்’ என்று அமுங்கிப் பேசும். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம், ஸ்பிரிங் மாட்டும் இடம், ஷாக் அப்சார்பரின் மேல் பிராக்கெட் ஆகிய மூன்றிலும் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி கனத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கத்தில் யாராவது பட்டையாக வெல்டு வைத்து மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது உதிரிப் பாகம். எங்கும் கிடைக்கிற, யாருக்கும் தெரிந்த, பல வருடம் ஒரே ஆக்சிலோடு வந்த மாடலாக எடுங்கள். அரிதான வண்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூன்றாவது சுற்றுக்கு முந்தின வாரம் அதற்கு ஒரு ஆக்சில் ஷாஃப்ட் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். முடிந்தால் அதே மாடலில் ஓடாத வண்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிப் போடுங்கள். சீசன் முழுவதற்கும் அதுவே உங்கள் ஸ்டோர் ரூம்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் வண்டி வாங்குவதும் கட்டுவதும். அந்த மூன்றில் ஒன்று டயர், எரிபொருள், நுழைவுக் கட்டணம், உடைகிற சாமான்களுக்கு. அழகாகக் கட்டி முடித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மீதி சீசனுக்கு ஷெட்டில் நிற்கும் வண்டிகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது.

பிரிப்பது

பிரிக்கும் முன் வண்டியைக் கழுவுங்கள். மண்ணோடு கழற்றினால் மண் முழுக்கத் திறந்த பேரிங்குக்குள்தான் போகும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் மூன்று படம் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, ஒயரும் ஹோஸும் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று தெரியும்படி ஒன்று. போல்ட்களை ஜிப் கவரில் போட்டு, கவருக்குள் ஒரு சீட்டில் பெயர் எழுதிப் போடுங்கள். கவர் மேல் மார்க்கரால் எழுதினால் டீசல் பட்டதும் அழிந்துவிடும்.

எல்லாம் இறங்கிய பிறகு வெறும் சேஸிஸை மணல் வீசிச் சுத்தம் செய்து, சந்தேகமான இடங்களில் விரிசல் காட்டும் சிவப்புச் சாய ஸ்பிரே அடியுங்கள். சாயத்தைத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல மேலே கசியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த ஒரு கிராஸ் மெம்பரில் அப்படி ஒரு கோடு, ரத்தம் கசிகிற மாதிரி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அங்குல நீளத்துக்கு எழுந்தது. அதன் பிறகு இந்த ஸ்பிரே இல்லாமல் எந்தச் சேஸிஸையும் நான் நம்புவதில்லை. விரிசலின் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டு, வி வடிவத்தில் தோண்டி, முழு ஆழத்துக்கு வெல்டு நிரப்பி, அப்புறம் மேலே பேட்ச் தகடு. விரிசலைத் தோண்டாமல் மேலாக வெல்டு ஓட்டினால் அது மறுபடி அதே இடத்தில் திறக்கும்.

ரோல் கேஜ், சீட், பெல்ட்

வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க்கூடுதான் ரோல் கேஜ். இந்தப் பகுதியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், அவசரமும் வேண்டாம். எஃப்ஐஏ விதியின் அளவுகள் நல்ல அளவுகோல். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் மெயின் ரோல்பாருக்கு 45 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. சுவர் கனமும், அல்லது 50 மி.மீ.க்கு 2 மி.மீ. கனமும் உள்ள, தையல் இல்லாத கோல்டு டிரான் கார்பன் ஸ்டீல் குழாய். மற்ற குழாய்களுக்கு 38 மி.மீ.க்கு 2.5, அல்லது 40-க்கு 2. தண்ணீர்க் குழாய் வாங்கி வளைத்துக் கேஜ் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வண்டி உருளும்போது மடங்கும், சில நேரம் வளைவிலேயே பிளக்கும். கேஜின் கால்கள் பாடியில் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டை வெல்டு செய்து, ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு. வெறும் ஃபுளோர் ஷீட்டில் நிறுத்திய கேஜ் கவிழும்போது தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

குழாயை வெட்டுவதற்கு முன் சீட்டை மாட்டி, ஹெல்மெட் போட்டு, பெல்ட் கட்டி உட்காருங்கள். உடன் வந்து வழி சொல்லும் நேவிகேட்டரையும் உட்கார வையுங்கள். தலை எங்கே ஆடும், கை எங்கே போகும் என்று பார்த்து, அதற்கு அப்புறம்தான் குழாய் போகும் வழியை முடிவு செய்ய வேண்டும். ஹெல்மெட் படக்கூடிய இடங்களுக்குக் கெட்டியான கேஜ் பேடிங், மெத்தென்ற ஸ்பாஞ்ச் உதவாது. தோள் பெல்ட் பின்னால் போகும்போது கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதிகம் சரிந்தால் மோதலில் பெல்ட் உங்கள் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். இடுப்புப் பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், கட்டும்போது முதலில் இடுப்பை இறுக்கிவிட்டு அப்புறம் தோளை இறுக்குங்கள்.

பழைய பெல்ட், பழைய சீட் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எஃப்ஐஏயின் 8855-1999 தரச் சீட்டுக்கு ஆயுள் 5 வருடம், 8862-2009 தரத்துக்கு 10 வருடம், பெல்ட் லேபிளில் எந்த வருடம் வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். தீயணைப்பான் 2 வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்து முத்திரை வைத்ததாக இருக்க வேண்டும். பேட்டரி கட் ஆஃப் சுவிட்சை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் இயக்க முடிய வேண்டும், வெளியே உள்ளதற்கு வெள்ளை ஓரம் வைத்த நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி. இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தால் பேட்டரி துண்டிக்கப்படும், ஆனால் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்டில் இன்ஜின் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரையும் சேர்த்துத் துண்டிக்கும் வகைச் சுவிட்சை வாங்கி, இன்ஜினை 3000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள்.

இன்ஜின்

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்குள் வித்தியாசம், அளவும் மேனுவல் சொல்கிறபடி, ஆயிலில் மினுமினுப்பு இல்லை என்றால் அந்த இன்ஜினை முதல் சீசனுக்கு அப்படியே விடலாம் என்பது என் கருத்து. சீல்கள், கேஸ்கெட், டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், கிளட்ச் செட் இவற்றை மட்டும் மாற்றுங்கள். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் கம்பெனியின் ஸ்டாக் அளவிலேயே திரும்பக் கோர்க்கவும். பேரிங் இடைவெளி ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 50 மி.மீ. ஜர்னலுக்குச் சுமார் 0.05 மி.மீ. என்பது கைக்கணக்கு. ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி, 75 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ. கடைசிச் சொல் மேனுவலுடையது. ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டரில் இறக்கி ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, எழுதி வையுங்கள். நீட்சி வகை ஹெட் போல்ட்டை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது.

ஆனால் ஆஃப்ரோடில் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் தூசிதான். முதல் வருடம் நான் ஏர் ஃபில்டரைச் சுற்றுக்குச் சுற்று புதிதாக மாட்டினேன். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஃபில்டருக்கு அப்புறம் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், விரல் நுனியில் கோதுமை மாவு மாதிரி மெல்லிய செம்மண். ஃபில்டர் புதியதுதான், அதன் ரப்பர் விளிம்பு உட்காரும் பெட்டி கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த மயிரிழை வழியாகப் போன தூசி நான்கு பிஸ்டனின் ரிங்கையும் சாணை பிடித்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் விரல் சோதனை. ஃபில்டர் விளிம்பில் மெல்லிய கோடாகக் கிரீஸ் தடவுங்கள், கிரீஸில் எந்த இடத்தில் தூசிக்கோடு உள்பக்கம் தாண்டியிருக்கிறது என்று பார்த்தால் கசிவு எங்கே என்று அதுவே காட்டிக் கொடுக்கும். காற்று எடுக்கும் வாயை முடிந்தவரை உயரத்தில், முன் சக்கரம் தூக்கியடிக்கும் தூசிக்கு அப்பால் வையுங்கள், கூடவே ஒரு சைக்ளோன் முன்வடிகட்டி.

குளிர்விப்புக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ரேடியேட்டரை உள்ளும் வெளியும் சுத்தம் செய்து, புதிய ஹோஸ், புதிய மூடி. 15 பிஎஸ்ஐ மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் உயர்த்துகிறது, அந்தச் சின்ன ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அத்தனையும் போச்சு.

கியர், டிஃப், ஷாஃப்ட்

பெரிய டயர் மாட்டினால் கியர் விகிதம் கெடும். 28 அங்குல டயரில் 3.73 ஆக்சில் விகிதத்தோடு வந்த வண்டிக்கு 31 அங்குலம் போட்டால், பழைய இழுவை திரும்ப வர 3.73-ஐ 31-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க வேண்டும், 4.13 வரும், 4.10 கிரவுன் வீல் பினியன் போட்டால் சரி. கியரை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால் ஓடோமீட்டரும் சுமார் 10 சதவீதம் குறைத்துக் காட்டும், ரோடு புக் பார்க்கும் நேவிகேட்டருக்கு இது பெரிய தலைவலி. முதல் சீசனுக்கு விதி அனுமதிக்கும் மிகச் சிறிய டயரே போதும். பெரிய டயர் ஆக்சில், ஹப், ஸ்டீயரிங் எல்லாவற்றின் மேலும் சுமை ஏற்றும்.

ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது இரண்டு முனையின் நுகங்களும் (கவை போன்ற மூட்டுப் பாகங்கள்) ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பிளைனில் ஒரு பல் மாறினாலும் வண்டி அதிரும், மூட்டில் உள்ள கிராஸ் சீக்கிரம் போகும். கழற்றும் முன் இரு பாதியிலும் பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

டிஃபின், அதாவது ஆக்சில் நடுவே உள்ள டிஃபரன்ஷியலின், மூச்சுக் குழாயை மறக்காதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் டிரெயின் செய்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும். ஒரு முழ ரப்பர் குழாய் மாட்டி மூச்சுக் குழாயைப் பாடி உயரத்துக்குக் கொண்டுபோய் நுனியில் சின்ன ஃபில்டர் வையுங்கள். இரண்டு ஆக்சில், கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நான்குக்கும்.

சஸ்பென்ஷன்

புதியவர்கள் உயரம் ஏற்றுவதைத்தான் சஸ்பென்ஷன் வேலை என்று நினைக்கிறார்கள். உயரம் ஏற ஏற வண்டி கவிழ்வது சுலபமாகும், ஷாஃப்ட் கோணமும் கெடும். வேண்டியது உயரமல்ல, சக்கரம் மேலும் கீழும் போகும் ஓட்டத் தூரம், அதைக் கட்டுப்படுத்தும் ஷாக் அப்சார்பர். வண்டி நிற்கும்போது சக்கரம் மேலே போக எவ்வளவு இடம், கீழே தொங்க எவ்வளவு இடம் என்று அளந்து எழுதுங்கள். ஷாக் உள்ளுக்குள் முட்டுவதற்கு முன்னால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை முட்ட வேண்டும், ஷாக் முழுக்க இழுபடுவதற்கு முன்னால் லிமிட் ஸ்ட்ராப் என்ற பட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்தால் எது எங்கே இடிக்கும் என்று தெரியும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் அப்போதே பாருங்கள், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி.

ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி விடுங்கள். ஓடிவிட்டு வந்து பார்த்தால் தண்டு எவ்வளவு உள்ளே போனது என்று அது நகர்ந்து காட்டும். ஓட்டம் முடிந்த கையோடு நான்கு ஷாக்கையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள். மூன்று கை வைக்க முடியாத சூட்டில் இருந்து ஒன்று மட்டும் ஆறிப் போயிருந்தால், வேலை செய்யாமல் செத்திருப்பது அந்த ஆறிப்போன ஷாக். ஹப்பில் இது நேர்மாறு. மற்ற மூன்றைவிட ஒன்று அதிகம் சூடாக இருந்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

பிரேக்குக்குப் புதிய டாட் 4 ஆயில். புதியதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அது 155 வரைக்கும் இறங்கலாம். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்த டப்பாவில் மிச்சம் இருந்ததை ஊற்ற வேண்டாம்.

ஒயரிங்கும் போல்ட்டும்

பழைய ஒயரிங்கில் தேவையற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். சாலிடர் செய்த மூட்டு அதிர்வில் சாலிடர் முடியும் இடத்தில் ஒடியும். நல்ல கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்க வைக்கும் மூட்டு), மேலே சுருங்கு குழாய், பக்கத்திலேயே ஒரு கிளிப். ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் ஒயர் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டி பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டரின் கைக்கு எட்ட வேண்டும். எரிபொருள் பம்புக்கு மட்டும் இரண்டாவது ரிலே ஒன்றைப் பக்கத்திலேயே ஒயர் இழுத்து வைத்துவிடுங்கள், பிளக்கை மாற்றிக் குத்தினால் ஓட வேண்டும்.

போல்ட்களில் எனக்குப் பிடிவாதம் அதிகம். வண்டி முழுக்க மூன்று ஸ்பானர் அளவுக்குள் முடிந்தவரை அடக்குங்கள். நைலான் வைத்த லாக் நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது மாட்டுங்கள். டார்க் ரெஞ்சில் இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பாகத்தின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. இறுக்காத போல்ட்டுக்குக் கோடு போடக் கூடாது, கோடு போட்டவர் தவிர வேறு யாரும் அதற்குப் பொறுப்பு இல்லை. போட்டிக்கு நடுவே வண்டியைப் பார்க்கத் தரும் சர்வீஸ் நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே நுழைந்தால் இரண்டு நிமிடத்தில் எண்பது போல்ட்டைப் பார்த்துவிடலாம், கோடு ஒடிந்திருக்கும் இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும்.

சோதனை ஓட்டம்

முதல் போட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் வண்டி ஓட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள், வேதனையாகத்தான் இருக்கும், இருந்தாலும் விடுங்கள். முதலில் 10 கிலோமீட்டர், திரும்பி வந்து கீழே படுத்து எல்லாக் கோட்டையும் பார்ப்பது. அப்புறம் 50, வீல் நட்டை மறுபடி டார்க் வைத்து இறுக்குவது. அப்புறம் போட்டி வேகத்தில் 100, பிறகு இரவில் இன்னொரு முறை. மொத்தம் 200 கிலோமீட்டராவது ஓடாத வண்டி போட்டிக்குத் தயாரில்லை. இந்த நாள்களில் ஒரு நோட்டில் எல்லாச் சத்தத்தையும் எழுதுங்கள். புது இன்ஜின் என்றால் முதல் அரை மணிக்குப் பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு பேரிங்கிலிருந்து வந்திருக்கக்கூடும், அப்படியானால் மேலே ஓட்டாதீர்கள்.

டயர் மாற்றுவதையும் ஒத்திகை பாருங்கள். ஹெல்மெட்டோடு, சரிவில், மணலில், ஜாக்கிக்குக் கீழே பலகை வைத்து. நாங்கள் முதல் தடவை செய்தபோது 14 நிமிடம் ஆனது, பத்தாவது தடவையில் நாலரை. இந்த ஒன்பதரை நிமிடத்தை எந்த இன்ஜின் வேலையும் தராது.

போட்டி நாள்

ஸ்க்ரூட்டினிக்கு வண்டியைக் கழுவி, காகிதங்களை ஒரே உறையில் வைத்து, சீக்கிரமே போங்கள். குறை ஏதாவது சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும். ஓட்டுநர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து எழுதுங்கள். குறித்த நிமிடத்தில் போய் நுழைய வேண்டிய சாவடியான டைம் கன்ட்ரோலின் விதியைத் தெளிவாகக் கேளுங்கள். எஃப்ஐஏயின் உலக ராலி சாம்பியன்ஷிப் மாதிரிப் போட்டிகளில் ஒரு நிமிடம் தாமதமானால் 10 விநாடி தண்டனை, ஒரு நிமிடம் முன்னதாகப் போய் நுழைந்தால் முழுதாக 1 நிமிடம். ஆர்வக் கோளாறில் சீக்கிரம் நுழைந்து புள்ளியை இழப்பவர்கள் எப்போதும் புதியவர்களே.

டயர் காற்று பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மணலில் மெதுவாக ஏற 15 பிஎஸ்ஐ நன்றாக வேலை செய்யும், ஆனால் அதே காற்றோடு கல் பாதையில் வேகம் போனால் டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு இடத்தில் கிழியும், டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட் லாக் இல்லாத ரிம்மாக இருந்தால் வளைவில் டயரே கழன்றுவிடும். தெரியாத பாதை என்றால் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக் கிளம்புங்கள். இறக்குவது ஒரு நிமிட வேலை.

வேகம் விஷயத்தில், உங்களால் முடிந்ததில் எண்பது சதவீதம் போதும். முன்னால் போகும் வண்டியின் தூசிக்குள் கண்மூடித்தனமாக நுழைய வேண்டாம், தூசி அடங்கும் அளவு இடைவெளி விட்டு, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, அது விலகும் வளைவில் நெருங்குங்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தட்டக் கூடாது, தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பெட்ரோல் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசல் வண்டியென்றால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அப்புறம்தான்.

நேவிகேட்டரின் காதை நம்புங்கள். ஒரு சுற்றில் என் நேவிகேட்டர் தம்பி, “அண்ணே, வலது பின்பக்கம் தட்டுது, நிறுத்துங்க” என்றான். எனக்குக் கேட்கவில்லை. “இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்டா” என்றேன். “இல்லண்ணே, நிறுத்துங்க, நான் பார்த்துட்டு வர்றேன்.” நிறுத்தினேன். ஐந்து வீல் நட்டில் மூன்று இல்லை, மீதி இரண்டு விரலால் திருகினால் சுற்றியது. மற்ற சக்கரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, நான்கு நிமிடம் போனது, எங்கள் பிரிவில் ஏழாவதாக முடித்தோம். அந்த ஏழாம் இடத்துப் புள்ளி சீசன் முடிவில் எங்களை ஒரு படி மேலே ஏற்றியது.

சர்வீஸ் 30 நிமிடம் என்றால் அதற்கு ஒரு வரிசை வேண்டும். வண்டி வந்ததும் முதலில் ஓட்டுநரும் நேவிகேட்டரும் சொல்வதை ஒருவர் எழுதுவார், அதே நேரம் இன்னொருவர் சூடு அளப்பார். பிறகு ஜாக்கி, சக்கரங்கள், கீழே பெயிண்ட் கோடு, ஸ்டீயரிங் மூட்டுகளை ஆட்டிப் பார்ப்பது, ஆயில் கசிவு, ஏர் ஃபில்டர், கண்ணாடி, எரிபொருள். ஓட்டுநர் ஸ்பானர் தொடக் கூடாது. அவர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். எரிபொருள் ஊற்றும்போது யாரும் கிரைண்டர் போடக் கூடாது, தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு சுற்றுகளுக்கு நடுவே

சீசனின் வெற்றி தோல்வி முடிவாவது இங்கேதான். போட்டி முடிந்து வந்த களைப்பில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அடுத்த சுற்றுக்கு நான்கு நாள் முன்னால் திறப்பதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. மறுநாளே கழுவுங்கள், அந்த வாரமே பிரியுங்கள், அப்போதுதான் பாகம் வரவழைக்க நேரம் இருக்கும்.

என் வரிசை இதுதான். முதலில் எல்லா ஆயிலையும் இறக்குவது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் இயல்பு, ஊசி மாதிரியோ செதிள் மாதிரியோ வந்தால் பல் உடைகிறது, திறக்க வேண்டும். அடுத்து ஹப்களைப் பிரித்து பேரிங்கைக் கழுவிப் பார்த்துப் புது கிரீஸ். அடுத்து டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், புஷ், கிராஸ். பிறகு சேஸிஸும் கேஜ் கால்களும் விரிசலுக்காக. கடைசியாக ஏர் பாக்ஸ், ஒயரிங், பெல்ட்.

நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் தேதி மாட்டியது, எத்தனை போட்டிக் கிலோமீட்டர் ஓடியது. ஆக்சில் ஷாஃப்ட் 900 கிலோமீட்டரில் முறுக்கேறி ஸ்பிளைன் சாய்ந்திருந்தால், அடுத்ததை 700-இல் கழற்றி உதிரிப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு பாகத்தின் ஆயுளை எந்தப் புத்தகமும் உங்கள் வண்டிக்குச் சொல்லாது, உங்கள் நோட்டு சொல்லும். உதிரியை எடுத்துப் பயன்படுத்தினால் அன்றைக்கே அதற்கு மாற்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை டை ராட் எண்டை இப்படி எடுத்து மாட்டிவிட்டு, மாற்று வாங்கியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் மறுபக்கம் உடைந்தது, பெட்டியில் காலி கவர். இருபது கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது நின்றோம்.

சீசன் நடுவே புதிதாக எதையும் மாற்றாதீர்கள். மூன்றாவது சுற்றில் ஒருவர் புது ஷாக் மாட்டி வேகமாகப் போனதைப் பார்த்தால் கை பரபரக்கும். புது பாகம் வந்தால் புது பிராக்கெட், புது போல்ட், புது விரிசல் எல்லாம் கூடவே வரும், அதற்குச் சோதனை ஓட்டமும் மறுபடி வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘சீசன் முடிந்ததும்’ என்று தலைப்புப் போட்டு எழுதி வையுங்கள். எங்கள் முதல் சீசன் முடிந்தபோது அந்தப் பக்கத்தில் இருபத்தாறு வரி இருந்தது. அதில் பதினொன்று, ஏதோ ஒரு போல்ட்டைக் கை நுழைகிற இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்பதுதான். கடைசிச் சுற்று முடிந்த வாரத்தில், ஆயில் இறக்கி, பேட்டரி கழற்றி, டயரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முதலில் அந்தப் பதினொன்றைத்தான் செய்தோம்.